காட்டுக் குதிரைவாலி

காட்டுக் குதிரைவாலி (எக்கினோகுளோவா கொலோனா) என்பது புல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு களைத் தாவரம் ஆகும். சிறுதானியமான குதிரைவாலியின் மூதாதை இதுவே எனக் கருதப்படுகின்றது. விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் நெல் வயல்களிலும் பருத்தி நிலங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் இது வளர்கின்றது. ஓட்சுப் பயிரின் உறவான காட்டு ஓட்சு வட இந்தியக் கோதுமை வயல்களில் பெருந்தொல்லை தரும் களையாகும். அங்கே கோதுமைக்கு அது எப்படியோ, இங்கே நெல்லுக்கு இப்புல் அப்படி.

== அடையாளம் ==

இது ஏறத்தாழ 60 செ.மீ. உயரம் வளரும். இலைகளில் சில வேளைகளில் குறுக்காக ஊதாநிறப் பட்டைகள் தோன்றும். கதிரின் சிறு கிளைகளில் 2 முதல் 3 மி.மீ. அளவுள்ள மணிகள் நெருக்கமாக அமைந்திருக்கும். அவற்றுக்கு நீண்ட கூர்முடி இல்லை.

இளம் பருவத்தில் இதனை நெல் நாற்றிலிருந்து பிரித்தறிவது கடினம். இலை தண்டோடு சேருமிடத்தை விரித்துப் பார்ப்பதே எளிய வழி. நெல்லில் அவ்விடத்தில் நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். இப்புல்லில் அது இல்லை. கதிர் வந்தபின் எவரும் இதனை அடையாளம் காணலாம், ஆனால் அதற்குள் நெல்லுக்கு இட்ட உரத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டிருக்கும்.

== நெல் வயலில் ==

வெயிலும் வெப்பமும் மிகுந்த நிலையில் இப்புல் நெல்லைவிட விரைவாக வளரும். இது சி4 வகை ஒளிச்சேர்க்கை உடையது. நெல் சி3 வகை. ஆனால் தேங்கிய நீரின் கீழ் இதன் விதைகள் நன்கு முளைப்பதில்லை. எனவே நட்ட வயலில் தொடக்க வாரங்களில் நீர் நிற்பதே சிறந்த களைக்கட்டுப்பாடு ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இவ்வட்டாரம் கண்மாய்ப் பாசனத்தைச் சார்ந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாத ஆண்டில் வயல் காய்கின்றது, களை மேலெழுகின்றது, களையெடுக்கும் கூலியும் கூடுகின்றது. நீர்ப் பற்றாக்குறையின் இந்தச் செலவு பலரும் கணக்கில் கொள்ளாத ஒன்று.

களைக்கொல்லிகளை மட்டும் நம்புவதும் ஆபத்தானது. கோஸ்ட்டா ரிக்காவில் புரோபனிலுக்கும், ஆஸ்திரேலியாவில் கிளைபோசேட்டுக்கும் எதிர்ப்புத்திறன் பெற்ற வகைகள் இவ்வினத்தில் தோன்றியுள்ளன.

மணி முற்றும் முன் அறுத்த புல் மாடுகளுக்கு நல்ல தீவனம். பால்கோவாவிற்குப் பெயர்பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் இது சிறு செய்தி அன்று.

== பயிருடன் உறவு ==

குதிரைவாலி விருதுநகர், மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றது. களைக்கும் பயிருக்கும் 54 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) உள்ளன. ஜப்பானிய ஆய்வாளர் யாபுனோ இவ்விரண்டையும் கலந்தபோது பிறந்த தாவரங்கள் வளமான விதை தந்தன. ஜப்பானியக் குதிரைவாலி வேறொரு காட்டினத்திலிருந்து வந்தது. அதனுடன் இந்தியக் குதிரைவாலியைக் கலந்தால் பிறப்பவை மலடாகின்றன.

காட்டு வகையின் மணிகள் முற்றியதும் தாமாகவே உதிர்ந்து, மண்ணில் உறங்கிக் கிடந்து, பல தவணைகளில் முளைக்கும். பயிர் வகையில் மணிகள் அறுவடை வரை கதிரிலேயே நிற்கும். உதிராத கதிர்களையே மனிதர் மீண்டும் மீண்டும் அறுத்து விதைத்ததால் இவ்வேறுபாடு உண்டானது. குதிரைவாலி வயலில் இக்களையைக் கண்டறிவது நெல் வயலைவிடக் கடினம். கதிர் மெலிந்தும் மணி எளிதில் உதிர்ந்தும் காணப்படும் செடிகளை, அவை உதிரும் முன்பே பிடுங்கினால்தான் அடுத்த ஆண்டின் விதை தூய்மையாக இருக்கும்.