நொதிப்போலி: ஓர் இலக்கணச் சொல்லின் புதிய பணி

'போலி' என்னும் சொல் இன்றைய வழக்கில் பழிச்சொல்லாகிவிட்டது. போலி மருந்து, போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ் என்றே அதனைக் கேட்கிறோம். செம்பவாங்கில் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவரிடம், இயற்கை நொதியைப் போலச் செயற்படும் செயற்கை உலோகச் சேர்மத்தை 'நொதிப்போலி' எனலாம் என்றேன். "அப்படியானால் அது பொய்யான நொதியா, ஐயா?" என்று அவர் வினவினார். அவ்வினாவிற்கு விடை தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது.

ஓரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நின்றும் பொருள் மாறாதிருப்பதே இலக்கணத்தில் போலி. நிலம் நிலன் எனவும், அறம் அறன் எனவும் வரும். ஆனால் பாடம் பாடன் ஆவதில்லை. எங்கே மாற்றலாம், எங்கே மாற்றலாகாது என்பதே அங்கு ஆராயப்படுவது. வேதியியலாரும் நொதியின்முன் இதே வினாவை எழுப்புகின்றனர்.

நொதி என்பது உயிர்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள், கேட்டகால் என்னும் மூலக்கூற்றின் உறுதியான வளையத்தை ஆக்சிஜனின் துணையால் பிளக்கின்றன. அதற்குரிய நொதி கேட்டகால் டைஆக்சிஜனேஸ். ஆக்சிஜன் மூலக்கூற்றின் இரண்டு அணுக்களும் விளைபொருளில் சேர்வதை 1955இல் ஜப்பானிய அறிவியலார் ஒசாமு ஹயாயிஷி மெய்ப்பித்தார். இந்நொதிகளுள் ஒருவகையில், பெரும் புரதத்தின் உள்ளே ஓர் இரும்பு அயனி உள்ளது. இரண்டு ஹிஸ்டிடினும் இரண்டு டைரோசினும் அதனைப் பற்றி நிற்கின்றன.

திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். பழனியாண்டவரும் அவர்தம் மாணவர்களும் புரதம் இல்லாமலே இவ்விரும்பு மையத்தை ஒத்த சேர்மங்களை உருவாக்கினர். டைரோசினின் இடத்தில் ஃபீனால் நின்றது. ஹிஸ்டிடினின் இடத்தில் பிரிடின், இமிடசோல் போன்றவை நின்றன. எலக்ட்ரான் இணையை வழங்கி உலோகத்தை அணைந்து நிற்கும் இப்பகுதிகளைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஈனி' என்றும், அவ்வாறு அமையும் சேர்மத்தை 'அணைவுச் சேர்மம்' என்றும் வழங்குகின்றன.

எழுத்து மாறியும் பொருள் நின்றதா? ஓரளவு நின்றது. இச்சேர்மங்கள் பலவும் ஆக்சிஜனைக் கொண்டு வளையத்தைப் பிளந்தன. ஈனிகளை ஒவ்வொன்றாக மாற்றியபோது வினையின் வேகமும் மாறியது. இரும்பு எலக்ட்ரான்களை ஈர்க்கும் ஆற்றல் ஈனிகளைப் பொறுத்து மாறுவதே அதற்கு முதன்மையான காரணம். எனினும் இத்தகைய போலிகள் இயற்கை நொதியின் வேகத்தை எட்டுவதில்லை. ஆய்வுகளிலும் பெரும்பாலும் கேட்டகாலுக்கு மாற்றாக, எளிதில் வினைபுரியும் அதன் வழிப்பொருளே பயன்படுகிறது. இக்குறைபாடும் ஒரு செய்தியே. இரும்பும் ஈனிகளும் தாமே செய்யக்கூடியது எவ்வளவு, சூழ்ந்துள்ள புரதம் சேர்ப்பது எவ்வளவு என்பதை அதுவே பிரித்துக் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த இவ்வாய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. சிங்கப்பூரில் நம் மாணவர் அறிவியல் பயில்வதும் ஆங்கிலத்திலேயே. இந்நிலையில் தமிழ் வகுப்பு அறிவியலுக்கு அயலாகிவிடுமோ என்னும் அச்சம் ஆசிரியர்களுக்கு உண்டு. போலியைக் கற்பிக்கும் நாளில் அறன், நிலன் என்பவற்றோடு இந்த இரும்புச் சேர்மத்தையும் எடுத்துக்காட்டாக வைக்கலாம். வேதியியல் பயிலும் மாணவர், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை நிறுத்திப் பார்க்கும் முறையைத் தம் மொழியின் இலக்கணமும் அறிந்திருந்ததை உணர்வர்.

அம்மாணவிக்கு நான் கூறிய விடை இதுவே: நிலன் பொய்யான நிலம் அன்று, நொதிப்போலியும் பொய்யான நொதி அன்று. நிலன் முழுப் பொருளையும் தருகிறது. நொதிப்போலி இன்னும் ஒரு பகுதியையே தருகிறது.