கொள்முதல் துறையின் புதிய பொறுப்பு

கொள்முதல் பிரிவின் பணி ஒப்பந்தப்புள்ளி கோருவதும், குறைந்த விலை கூறியவருக்கு ஆணை வழங்குவதுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இக்கருத்து போதுமானதன்று என்பதற்குக் கோலார் தங்கவயலின் வரலாறே சான்றாகும்.

மின்சாரம் வாங்கிய சுரங்கங்கள்

1880ஆம் ஆண்டு முதல் இங்குச் சுரங்கங்களை நிர்வகித்து வந்த ஜான் டெய்லர் நிறுவனத்திற்கு, நீராவி இயந்திரங்களுக்கான எரிபொருள் பெருஞ்செலவாக இருந்தது. காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் அமைக்க மைசூர் அரசு முன்வந்தபோது, சுரங்க நிறுவனங்கள் அம்மின்சாரத்தை வாங்க உடன்பட்டன. அந்த உறுதியான தேவையே திட்டத்திற்கு அடித்தளமாயிற்று. 1902 ஜூனில் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் தங்கவயலை அடைந்தது. 1905இல் பெங்களூர் நகரும் ஒளி பெற்றது. வாங்குவோரின் வாக்குறுதி ஒரு புதிய தொழிலையே தோற்றுவிக்க இயலும் என்பது இதனால் விளங்கும்.

விலையும் அபாயமும்

1964இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தங்கவயலில் புல்டோசர் போன்ற கனரக இயந்திரங்களை உற்பத்தி செய்யலாயிற்று. இத்தகைய இயந்திரத்திற்குப் பல்லாயிரம் உதிரி பாகங்கள் வேண்டும். அவற்றையெல்லாம் ஒரே முறையில் வாங்குதல் பொருந்தாது. ஒரு பொருள் செலவை எவ்வளவு பாதிக்கிறது, அது கிடைக்காமற்போகும் அபாயம் எவ்வளவு என்னும் இரு வினாக்களைக் கொண்டு பொருள்களை நால்வகையாகப் பிரிக்கும் முறையைப் பீட்டர் கிரால்ஜிக் 1983இல் வகுத்தளித்தார். திருகாணியைப் பலரிடம் விலை கேட்டு வாங்கலாம். ஒருவரே செய்து தரும் ஹைட்ராலிக் பம்புக்கோ நீண்டகால உறவும் மாற்று ஏற்பாடும் தேவை. அது வராவிடில் ஏனைய பாகங்கள் அனைத்தும் தயாராக இருந்தும் இயந்திரம் வெளியேறாது, முதலீடும் முடங்கும். எனவே இம்முடிவுகள் எழுத்தர் நிலைக்குரியவை அல்ல. நிர்வாகக் குழு நிலைக்குரியவை.

சமுதாயக் கடமை

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தம் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டுமென 2012ஆம் ஆண்டு ஆணை விதித்தது. 2018இல் இது 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இத்தகைய விற்பனையாளருக்கு 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் தரப்பட வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம்.

2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுவது இவ்வூர் மக்களின் வாழ்க்கையாயிற்று. இத்தகைய ஊரில் ஒரு பட்டறைக்கு வரைபடமும், தரச்சோதனை வசதியும், உரிய காலத்தில் பணமும் கிடைக்குமாயின், அங்கு சிலர் உள்ளூரிலேயே பிழைக்க வழி பிறக்கும். சதவீதத்தை ஏட்டில் நிறைவு செய்வது எளிது. நம்பத்தகுந்த விற்பனையாளரை உருவாக்குவதே கொள்முதல் அதிகாரியின் மெய்யான சாதனையாகும்.