சிறுவர் பாசறைக்குக் கொடையாளர் வரும்போது

பாடசாலை விடுமுறையில் சிறுவர் பாசறை நடத்துவது எமது பங்குகளில் பழகிப்போன பணி. பாட்டு, விளையாட்டு, சித்திரம், நாடகம், வயிறாரச் சாப்பாடு என்று பிள்ளைகள் சில நாட்களைச் சேர்ந்து கழிக்கிறார்கள். இதற்கான செலவில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருகிறது. பணம் தந்தவர்கள் ஒருநாள் நேரில் வந்து பார்க்க விரும்புவது இயல்பு. அவர்களை எப்படி வரவேற்பது? வந்தவர் உண்மையை அறியவும் வேண்டும், எமது பிள்ளைகள் காட்சிப்பொருள் ஆகாமலும் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. 1990இலும் 1991இலும் நடந்த இராணுவ நடவடிக்கைகளால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகளின் குடும்பங்கள் காணியையும் கிணற்றையும் விட்டு வெளியேறின. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்தும் மீண்டும் ஓட நேர்ந்தது. அதனால் 'முகாம்' என்றால் எம்மவர் மனதில் அகதி முகாமும் இராணுவ முகாமுமே வரும். பாசறை என்று நாம் அழைப்பதன் காரணத்தை விருந்தினருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

கணக்குக் காட்டுவது தாழ்வல்ல

எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த காணிக்கையைப் பவுல் தனியே கையாளவில்லை. நம்பிக்கைக்குரிய சகோதரர்களையும் அப்பணியில் சேர்த்துக்கொண்டார். கடவுள் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்பதே காரணம் (2 கொரிந்தியர் 8). ஆகவே காசேட்டையும் பற்றுச்சீட்டுகளையும் மேசைமேல் திறந்து வைப்போம்.

இந்தப் பொறுப்பு ஒருபக்கமானது அல்ல. செஞ்சிலுவைச் சங்கமும் பிற நிவாரண நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தைக் கோவை, உதவி நிறுவனங்கள் கொடுப்போருக்கும் பெறுவோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்கிறது. பாதிக்கப்பட்டோரைக் கையாலாகாதவர்களாகக் காட்டாமல் மதிப்புள்ள மனிதராகக் காட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே பெற்றோரும் கேள்வி கேட்கலாம்: இந்த உதவி எத்தனை ஆண்டுக்கு? அடுத்த திட்டத்தை யார் தீர்மானிப்பார்கள்?

ஆயத்தங்கள்

1. நாளைக் கடலைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகாட்டுவானிலிருந்தே படகேற வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். சோளகக் காற்று பெலத்தால் கடல் புரளும். மாற்று நாள் ஒன்றையும் வைத்திருப்போம்.

2. தண்ணீரைக் கணக்கிட வேண்டும். எமது சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. வரண்ட மாதங்களில் கூடுதலாக இறைத்தால் உவர் மேலே வந்துவிடும். பிள்ளைகளுக்கும் விருந்தினருக்குமான குடிநீரை முன்கூட்டியே ஒழுங்கு செய்வோம்.

3. சாப்பாடு பிள்ளைகளுக்குச் சமைத்ததாகவே இருக்கட்டும். கூழ், பனங்கட்டி, காலமானால் பனங்காய்ப் பணியாரம் போதும். விருந்தினருக்குத் தனிப்பந்தி வேண்டாம்.

4. வெயிலில் வரிசையாக நிறுத்தி மாலை போடுவித்தல் வேண்டாம். அன்றைய நிகழ்ச்சி அன்றாடம் போலவே நடக்கட்டும். அதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்.

பிள்ளைகளின் காவல்

சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாக்குகிறது. 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கிறது. "உன் வீட்டில் யார் இறந்தார்கள்?" என்று அந்நியர் கேட்க இடம் கொடுக்கக் கூடாது. விருந்தினர் மாலைப் படகில் போய்விடுவார்கள். கிளறிவிட்ட பயம் இரவிலும் பிள்ளையோடு இருக்கும். சொல்ல விரும்பும் பிள்ளை, பழகிய ஒருவரிடம் தனக்கேற்ற நேரத்தில் சொல்லட்டும். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவருக்குக் கலையும் விளையாட்டுமே ஆற்றுப்படுத்தும் வழியாயின.

படம் எடுப்பதானால் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் முன்பே கேட்க வேண்டும். "வேண்டாம்" என்ற பிள்ளைக்கு இனிப்போ பரிசோ குறையக் கூடாது. படத்துடன் முழுப்பெயரும் ஊரும் போடாதிருக்கச் சொல்வோம்.

எமது மண்ணுக்கு இது புதிய கேள்வி அல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் நடத்திய விடுதிப் பாடசாலைகளில், செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த சிதம்பரப்பிள்ளை, நெவின்ஸ் என அழைக்கப்பட்டது இவ்வாறே. அக்கல்வியால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் நன்றி சொல்ல ஒரு பிள்ளை மற்றவர் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை. கொடையாளரின் பெயர் பொறித்த சட்டையோடு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதும் அப்படிப்பட்டதே.

யார் பேசுவது?

பெற்றோரே பேசட்டும். வெங்காயமும் புகையிலையும் செய்த கைகளுக்குத் தம் தேவையைச் சொல்லத் தெரியும். மொழிபெயர்ப்பவர் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். பாசறையில் நடந்த நன்மையோடு, நடக்காததையும் சொல்வோம். வராத பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். அழுது காட்டிப் பெற்ற உதவி, அடுத்த முறையும் அழுகையையே எதிர்பார்க்கும். உண்மை சொல்லிப் பெற்ற உதவி நட்பாக வளரும்.

விருந்தினர் போனபின் இரண்டு வாரத்துக்குள் ஒரு கடிதம் எழுதுவோம். அவர்கள் சொன்ன வாக்குகளையும் அதில் குறித்து, அனுப்புமுன் பெற்றோர் கூட்டத்தில் வாசிப்போம். இடம்பெயர்ந்து வாழ்ந்தாலும் வந்தாரை வரவேற்கும் வீட்டார் நாமே. வீட்டுக்காரருக்குரிய மதிப்போடு அவர்களை வரவேற்போம்.