காடு விதைக்கும் புறா

ஆக்லாந்தின் மேற்கே, வைத்தாக்கரே மலைக்காட்டில் தலைக்கு மேலே விசுக் விசுக்கென்று பலத்த சிறகொலி கேட்கிறதா? நிமிர்ந்து பார்க்கும் முன்பே பெயரைச் சொல்லிவிடலாம்: கெரேரு! நியூசிலாந்தில் மட்டுமே வாழும், பழம் தின்னும் காட்டுப்புறா.

கண்ணுக்கும் எளிதில் பிடிபடும். எடை சுமார் 650 கிராம். மாடப்புறாவைப்போல் இரு மடங்கு. தலையும் கழுத்தும் மேல்மார்பும் பச்சை. அதற்குக் கீழே, கோடு கிழித்தாற்போல் தூய வெள்ளை. கண்ணும் காலும் சிவப்பு. ஆக்லாந்துத் தோட்டங்களில் நமக்குப் பழக்கமான புள்ளிப்புறாவும் உண்டு, வெளியிலிருந்து வந்து குடியேறிய பறவை. அதன் சிறிய உடலும் கழுத்துப் புள்ளிகளும் அதைத் தனியே காட்டிவிடும்.

கெரேரு சற்றே திரும்பினால் பச்சை ஊதாவாகும், செம்பாய் மின்னும். இது கட்டமைப்பு நிறம்: இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது. ஆப்பிரிக்காவின் பழந்தின்னிப் பறவையான துராக்கோவின் பச்சையோ, செம்பு கலந்த அசல் நிறமி!

பெரிய அதிசயம் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆலமரத்தில் மேயும் பச்சைப்புறா இனங்கள் பழத்தோடு விதையையும் அரைவைப்பையில், அதாவது இரைப்பையின் தசைப் பகுதியில், பெரும்பாலும் அரைத்துவிடும். கெரேரு சதையை மட்டும் செரித்து, விதையை முழுசாக வேறிடத்தில் எச்சமிடுகிறது.

தராய்ரே, கரக்கா, தாவா மரங்களின் பழங்கள் பெரிய நாவல்பழம் அளவு இருக்கும். அவற்றை அப்படியே விழுங்கும் அளவுக்குக் கெரேருவின் வாய் விரிகிறது. இவற்றை விழுங்கக்கூடிய மோவா போன்ற பெரும்பறவைகள் அற்றுப்போய்விட்டன. இன்று இந்தப் பெருவிதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசேர்க்க ஏறக்குறைய கெரேரு ஒன்றே மிச்சம்.

இவ்வளவு பொறுப்புள்ள பறவை ஒரு கூட்டில் இடுவதோ ஒரே முட்டை. குஞ்சுக்குத் தாய், தந்தை இரண்டும் தொண்டைப்பையில் சுரக்கும் 'பால்' ஊட்டுகின்றன. அந்த ஒற்றை முட்டையை எலியோ, 'பாஸம்' (possum) என்னும் விலங்கோ தின்றுவிட்டால், அந்தக் கூட்டில் மிஞ்சுவது எதுவுமில்லை.

2018-இல் கெரேருவை 'ஆண்டின் பறவை'யாக நியூசிலாந்து மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக்லாந்துத் தமிழர்களே, உங்கள் தோட்டத்தில் இடமிருந்தால் ஒரு பூரிரி மரம் நடுங்கள். அதன் சிவந்த பழத்தைக் கெரேரு விரும்பித் தின்னும். பக்கத்தில் ஓர் எலிப்பொறியும் வையுங்கள். காட்டை விதைக்கும் வேலையைக் கெரேரு பார்த்துக்கொள்ளும்.