விட்டம் சமம் என்றால் வட்டமா?

ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் ஒரு வினா கேட்டிருந்தேன்: 'ஒரு வளையத்தின் விட்டத்தைப் பல திசைகளில் அளந்தோம். எல்லாம் சமமாக இருந்தன. அது வட்டமா?' நான் எதிர்பார்த்த விடை, 'ஆம்'. ஒரு மாணவி மட்டும் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தாள். மதிப்பெண் வழங்கவில்லை. "அளவு சரியா இருந்தாலும் சில வளையம் வட்டமா இருக்காதுன்னு எங்க அப்பா சொல்வார், டீச்சர்" என்றாள். அவர் பற்சக்கர ஆலையில் பணிபுரிபவர்.

அடுத்த சனிக்கிழமை அங்கே சென்றேன். லாரியின் பின் அச்சில் பொருத்தும் வளையப் பற்சக்கரங்கள் அங்கே உருவாகின்றன. கடைசல் இயந்திரத்தின் மூன்று தாடைகள் வளையத்தை வெளியிலிருந்து இறுக்கும்போது, பிடித்த இடங்கள் சற்றே உள்ளே அமுங்குகின்றன. அந்நிலையில் உட்புறத்தை வட்டமாகக் கடைந்து பிடியைத் தளர்த்தினால், அமுங்கிய இடங்கள் மீண்டும் வெளியே வருகின்றன. உட்புறம் மூன்று புடைப்புகள் கொண்டதாகிவிடுகிறது. ஒவ்வொரு புடைப்புக்கும் நேர் எதிரே தட்டையான பகுதி இருப்பதால், எத்திசையில் அளந்தாலும் விட்டம் ஏறக்குறைய ஒன்றே!

அதனால் வளையத்தை மையத்தில் சுழலவிட்டு, 0.01 மி.மீ. வரை காட்டும் டயல் கேஜை உட்புறத்தில் தொடவைக்கிறார்கள். ஒரு சுற்றில் முள் மூன்று முறை ஏறி இறங்கியது. "விட்டத்தை மட்டும் நம்பக்கூடாது டீச்சர், சுத்திப் பார்க்கணும்" என்றார் அந்தத் தந்தை. இப்படியே விட்டால் பற்கள் ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் தளர்ந்தும் ஓடும். இரைச்சலும் தேய்மானமும் மிகும்.

இதைத் தடுக்க, வளையத்தின் வளைவுக்கேற்ற அகன்ற தாடைகளால் பிடித்து அழுத்தத்தைப் பரவச் செய்கிறார்கள். கடினமாக்கும்போது இன்னொரு சிக்கல். 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி எண்ணெயில் குளிர்விக்கையில், எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் குளிராததால் வளையம் நீள்வட்டமாகலாம். ஆகவே சூடான வளையத்தை விரியும் நடுத்தண்டில் மாட்டி, மேலிருந்து அழுத்தி, எண்ணெயைப் பாய்ச்சுகிறார்கள். சுருங்கும் வளையம் தண்டைப் பற்றி வட்டமாகவே இறுகுகிறது. கடினமான பிறகு வளைத்தால், மீட்சி எல்லைக்குள் பழைய வடிவுக்கே திரும்பும். அதைத் தாண்டி அழுத்தினால் விரிசல் விழக்கூடும்.

வகுப்பில் இதை அட்டையில் செய்து காட்டலாம். 10 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம் வரைக. ஒவ்வொரு முனையையும் மையமாக்கி, மற்ற இரு முனைகளை இணைக்கும் வில் வரைந்து வெட்டுக. இது ரூலோ முக்கோணம். 10 செ.மீ. இடைவெளியில் இணையாக வைத்த இரு அளவுகோல்களுக்கு இடையே திருப்பினால், எப்போதும் இரண்டையும் தொடும். அகலம் மாறுவதில்லை. இனி அதன் மையத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள்: முனைக்கு சுமார் 5.8 செ.மீ., வில்லின் நடுவுக்கு சுமார் 4.2 செ.மீ. வட்டத்தின் வரையறையில் 'மையத்திலிருந்து சம தூரம்' என்று ஏன் சொல்கிறோம் என்பது அப்போது தானாகப் புரியும்.

மாணவியின் தாளில் மதிப்பெண்ணைத் திருத்தினேன். வினாவையும் திருத்திக்கொண்டேன்: 'வட்டம்தான் என்று உறுதிசெய்ய எதை அளப்பீர்கள்?'