பாடு முறையும் பக்கத்து ஊர்களும்

பழவேற்காடு என்றதும் பலருக்கு நினைவு வருவது 1613இல் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையே. 1639இல் ஆங்கிலேயர் தெற்கே சென்னையில் குடியேறினர். இரு சாராரும் சோழமண்டலக் கரைத் துணிக்காகப் போட்டியிட்டனர். 1690இல் ஒல்லாந்தர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றிக்கொண்டனர். சென்னை மாநகரமாயிற்று, பழவேற்காடு மீனவர் ஊராய் நின்றது.

அங்கே ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே, போட்டிக்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள் மீனவப் பெருமக்கள். அதற்குப் பாடு என்று பெயர். இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் ஏரிக்குள் புகுந்து வளரும்; வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பகுதியே செல்வம் மிக்கது. ஆனால் அங்கும் எல்லா இடங்களும் ஒன்றல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் என்னும் மூன்று ஊரார் முறைவைத்து அங்கே சுத்துவலை இடுகின்றனர். ஓர் ஊரின் முறை வரும்போது இன்னார்க்கு இன்ன இடம் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். இன்று நல்லிடம் பெற்றவர் நாளை அதை விட்டுக் கொடுத்தேயாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் பின்னக் கணக்குக் கற்பித்த எனக்கு, பங்கீட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்ததில்லை.

குறையில்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். பாட்டு உரிமை பிறப்பால் வருவது. அதே ஏரியை நம்பி வாழும் பிற வகுப்பாரும் பிற ஊராரும் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். அதனால் பூசல்களும் நேர்ந்தன. பங்கு என்பது யாருக்குள் பங்கு என்ற கேள்வியை இம்முறை இன்னும் தீர்க்கவில்லை.

அதே கேள்வி ஏரியைச் சூழ்ந்த பெரிய அண்டையாரிடமும் எழுகிறது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானதும் ஏரியின் பெரும்பகுதி அங்கே சென்றது. தென்பகுதி நம்மிடம் தங்கிற்று. இன்று தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள், வடக்கே கிருஷ்ணபட்டணம், மேற்கே தடாவை அடுத்துச் சிறீசிட்டித் தொழில் நகரம். கப்பலையும் ஆலையையும் தன்பால் இழுக்க ஒவ்வொன்றும் முயல்கிறது. முயலட்டும், வேலை பிறக்கிறதே! ஆயினும் இவற்றுக்கிடையே ஏரியை முன்னிட்ட பாடு ஏதும் இல்லை. ஆரணியாறும் காளங்கியும் ஆந்திர மண்ணில் பிறந்து ஏரிக்கு வருகின்றன. மழை குறைந்தால் முகத்துவாரத்தை மணல் அடைக்கிறது. அப்போது இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. மூன்று குப்பத்தாரும் யார் முறை என்று பாராமல் வலையைக் கரையில் உலர்த்துகின்றனர்.