சுழியம் வேறு, காலிக் கட்டம் வேறு

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனால், சில கட்டில்களின் ஓரத்தில் பிளாஸ்டிக் பை தொங்குவதைப் பார்ப்பீர்கள். தானாகச் சிறுநீர் கழிக்க முடியாதவர்களுக்குப் பொருத்தும் கதீட்டர் குழாயோடு இணைந்த பை அது. பக்கத்திலேயே ஒரு பதிவுத் தாள் இருக்க வேண்டும்: மணி, மில்லிலிட்டர், நிறம், தாதியின் கையெழுத்து.

ஒரு கணக்குப் போடுங்கள். பாட்டியின் எடை 60 கிலோ. ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டராவது சிறுநீர் வர வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கீழ் எல்லை. நான்கு மணி நேரத்துக்கு 120. காலை 8 முதல் 12 வரை 240 வந்திருக்கிறது. 12 முதல் 4 வரை 60 தான். குழாய் மடங்கியதா, அடைத்துக்கொண்டதா, பாட்டி தண்ணீர் குடிக்கவில்லையா, சிறுநீரகத்திலேயே கோளாறா? மாலைத் தாதி உடனே தேடத் தொடங்குவார்.

அந்தக் கட்டம் காலியாக இருந்தால்? பையும் காலி. முன்பு வேலையில் இருந்தவர் பையைக் காலி செய்துவிட்டு எழுத மறந்தாரா, ஒரு சொட்டும் வரவில்லையா? நினைவு மங்கிய பாட்டியால் வலியைக்கூடச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் காலிக் கட்டத்தைச் சுழியமாக எண்ணினால் மதிப்பெண்தான் போகும். இங்கே சிறுநீர்ப்பை வீங்கும்.

குழாய் பொருத்திய தேதியும் முக்கியம். குழாயின் சுவரில் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு. புரோட்டியஸ் என்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். சிறுநீர் காரமாகும், கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட் படிகங்கள் படிந்து குழாயை அடைக்கும். தேதி தெரியாவிட்டால் எப்போது மாற்றுவது, இன்னும் குழாய் தேவையா என்று யார் கேட்பது?

மலேசியாவில் தனியார் மருத்துவப் பராமரிப்பு இல்லங்களுக்கு 1998-ஆம் ஆண்டின் 586-ஆம் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆனால் தாளை நிரப்புவது சட்டமல்ல, இரவு 2 மணிக்கு விழித்திருக்கும் ஒரு தாதி.

இன்னொரு சிறு எண். அமெரிக்க மருத்துவர் ஃபிரெட்ரிக் ஃபோலி 1930-களில் உருவாக்கிய இக்குழாயின் நுனியில் ஒரு பலூன் உண்டு. அதில் பெரும்பாலும் 10 மில்லிலிட்டர் நீர் ஏற்றுவார்கள், குழாய் நழுவாது. எவ்வளவு ஏற்றினார்கள் என்று எழுதியிருந்தால்தான், கழற்றும்போது பலூன் முழுதும் வற்றியதா என்று தெரியும். வற்றாத பலூனை இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழியும்.